ஐக்கிய அமெரிக்காவின் போர்க்கால உள்நாட்டு நிர்வாகம் (1941–1945)

இரண்டாம் உலகப் போரின்போது பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அரசு ஆலைகளுக்கு ஆள் சேர்த்தல், உணவைப் பங்கிடுதல், படையிலிருந்து திரும்புவோரைப் படிக்க வைத்தல் ஆகிய மூன்று பணிகளையும் தனித்தனி அமைப்புகளின் வழியே நடத்தியது. கட்டாய வேலைச் சட்டம் வேண்டும் என்று 1944 சனவரியில் ரூஸ்வெல்ட் கேட்டும் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. எனவே கூலி வரம்பு, சங்கங்களுடன் உடன்பாடு, உள்ளூர்க் குழுக்கள் ஆகியவையே அரசின் முதன்மைக் கருவிகளாக இருந்தன.

1940இல் 14 விழுக்காட்டுக்கு மேல் இருந்த வேலையின்மை 1944இல் 1.2 விழுக்காடாகக் குறைந்தது. பத்தாண்டுப் பெருமந்தத்துக்குப் போர் உற்பத்தியே முடிவு கட்டியது. 1941 சனவரியில் அமைந்த உற்பத்தி மேலாண்மை அலுவலகத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸின் வில்லியம் நுட்சென், தொழிற்சங்கத் தலைவர் சிட்னி ஹில்மன் ஆகியோர் கூட்டாகத் தலைமை ஏற்றனர். ஆலைகளில் கறுப்பினத்தவருக்கு வேலை மறுக்கப்படுவதை எதிர்த்து வாஷிங்டனில் பேரணி நடத்தப்போவதாகத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் அறிவித்தார். அதன் விளைவாக, பாதுகாப்புத் தொழில்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ஆணை 1941 சூன் 25 அன்று வெளிவந்தது.

1942 சனவரியில் தேசியப் போர்க்காலத் தொழிலாளர் வாரியமும், ஏப்ரலில் பால் மெக்நட் தலைமையில் போர்க்கால ஆள்வள ஆணையமும் தோன்றின. சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்வதில்லை என்று வாக்களித்தன. அரசு அவற்றின் உறுப்பினர் பலத்துக்குப் பாதுகாப்பளித்தது. 1941 சனவரி நிலையிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் கூலி உயரக்கூடாது என்று வாரியம் வரம்பு கட்டியது. மருத்துவக் காப்பீடு அந்த வரம்புக்குள் வராததால் முதலாளிகள் அதைக் கொடுத்து ஆட்களை ஈர்த்தனர். வேலையோடு பிணைந்த காப்பீட்டு முறை இப்படித்தான் வேரூன்றியது. பல இலட்சம் பெண்கள் புதிதாக வேலைக்கு வந்தனர். பண்ணை வேலைக்கு மெக்சிகோவிலிருந்து ஆட்களைத் தருவிக்க 1942 ஆகஸ்டில் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1943இல் ஜான் எல். லூயிஸ் தலைமையில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அரசு சுரங்கங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. வேலைநிறுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் ரூஸ்வெல்ட்டின் மறுப்பாணையையும் மீறி நிறைவேறியது.

உணவுப் பங்கீட்டை விலை நிர்வாக அலுவலகம் கவனித்தது. முதலில், 1942 மே மாதம், சர்க்கரை பங்கீட்டுக்குள் வந்தது. நவம்பரில் காப்பி சேர்ந்தது. 1943 மார்ச்சில் புள்ளி முறை தொடங்கியது. டப்பாவில் அடைத்த காய்கனிகளுக்கு நீலப் புள்ளிகளும் இறைச்சி, வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவற்றுக்குச் சிவப்புப் புள்ளிகளும் தேவைப்பட்டன. குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கீட்டுப் புத்தகம் உண்டு. கடையில் பணத்தோடு புள்ளிகளையும் கொடுக்க வேண்டும். சரக்கு அருகினால் புள்ளிகள் உயர்த்தப்படும். பணக்காரரும் ஏழையும் ஒரே அளவு வாங்கும் நியாயத்தை இம்முறை நிலைநாட்டியது. கள்ளச் சந்தையும் இருந்தது. வீட்டுக் கொல்லைகளிலும் காலிமனைகளிலும் இடப்பட்ட வெற்றித் தோட்டங்கள் காய்கறித் தேவையில் பெரும் பங்கை நிறைவு செய்தன. சர்க்கரைப் பங்கீடு 1947 சூன் வரை நீடித்தது.

முதல் உலகப் போர் வீரர்கள் ஊக்கத்தொகை கேட்டு 1932இல் வாஷிங்டனில் கூடியபோது இராணுவத்தால் விரட்டப்பட்டனர். அது மீண்டும் நிகழக்கூடாது என்ற கவலையே 1944 சூன் 22 அன்று கையொப்பமான படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்துக்கு உந்துதலாயிற்று. அதன் முதல் வரைவை அமெரிக்கன் லீஜன் அமைப்பின் ஹாரி கோல்மெரி எழுதினார். ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணமும் மாதம் 50 டாலர் வாழ்க்கைப்படியும் கிடைத்தன. குடும்பத்தாரைத் தாங்குபவருக்கு 75 டாலர். ஏறத்தாழ 78 இலட்சம் பேர் படிப்போ தொழிற்பயிற்சியோ பெற்றனர். அவர்களில் 22 இலட்சம் பேர் கல்லூரியில் சேர்ந்தனர். 1947இல் கல்லூரி மாணவரில் ஏறக்குறைய பாதிப்பேர் முன்னாள் படைவீரர்கள். சட்டத்தில் நிறபேதம் இல்லாவிடினும், தென் மாநில அலுவலகங்களும் கல்லூரிகளும் கறுப்பின வீரர்களுக்கு வாய்ப்பை மறுத்தன.

1956இல் இத்திட்டம் முடிவடைந்தது. இன்றைய படைவீரர் கல்வியுதவி பெரும்பாலும் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படுகிறது.