முகவரியைக் கேட்கும் சட்டம்

தொழில்முறைத் துவிச்சக்கரவண்டிப் பந்தயங்களின் ஊக்கமருந்து வரலாற்றில், சிறுநீரிலோ குருதியிலோ எதுவும் கண்டறியப்படாமலேயே ஒரு வீரர் தண்டிக்கப்படலாம் என்ற விதி பிந்தி வந்ததாயினும், அவ்விளையாட்டின் அன்றாட வாழ்க்கையை அதைப்போல் மாற்றிய விதி வேறில்லை. பந்தயம் முடிந்த இடத்தில் மட்டும் மாதிரி எடுப்பது பயனற்றது என்பதை உணர்த்தியது இ.பி.ஓ. என்ற மருந்து. செங்குருதிக் கலங்களைப் பெருக்கும் இயற்கை ஹார்மோனின் செயற்கை வடிவமான அதைச் சிறுசிறு அளவாக ஏற்றிக்கொண்டால், உடலில் அதன் தடயம் விரைவிலேயே மறைந்துவிடும். பயனோ வாரக்கணக்கில் நிற்கும். ஆகவே, அறிவிப்பின்றி வீரரின் வீட்டு வாசலிலேயே போய் நிற்பதைத் தவிரச் சோதனையாளருக்கு வேறு வழியில்லாது போயிற்று.

இதிலிருந்து பிறந்ததே ‘இருப்பிடத் தகவல்’ முறை. 1999இல் நிறுவப்பட்ட உலக ஊக்கமருந்து தடுப்பு முகவரகத்தின் விதிக்கோவைப்படி, தெரிவுசெய்யப்பட்ட வீரர்கள் ஒவ்வொரு காலாண்டுக்கும் முன்பே, தாம் தங்கும் முகவரியையும் பயிற்சி பெறும் இடத்தையும் நாள்வாரியாகப் பதிவதோடு, காலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில் கட்டாயம் ஓரிடத்தில் இருப்பதாக 60 நிமிடங்களையும் குறித்துக் கொடுக்க வேண்டும். சோதனைக்கு அகப்படாமையும் பதிவில் தவறுவதும் சேர்ந்து 12 மாதங்களுக்குள் மூன்று முறை நேர்ந்தால் இரண்டு ஆண்டுத் தடை. குற்றத்தின் அளவு குறைவெனக் கண்டால் அது ஓராண்டு வரை குறையலாம். 2015க்கு முன்னர் இக்கால எல்லை 18 மாதங்களாக இருந்தது. மலையகத் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டுக்குத் தொழிலாளி போய் நின்று பெயர் கொடுக்க வேண்டும். இங்கோ பெயர் கேட்பவரே ஆளைத் தேடி வருகிறார் என்பதுதான் வேறுபாடு.

இவ்விதியின் தேவையை உலகுக்குக் காட்டியவர் டென்மார்க்கின் மைக்கேல் ராஸ்முசென். 2007ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், நமது நமுனுகுலை மலையைவிட உயரம் குறைந்ததாயினும் கொடுமையில் குறையாத ஓபிஸ்க் கணவாயில் ஜூலை 25 அன்று வென்று, முன்னணி வீரருக்குரிய மஞ்சள் சட்டையுடன் நின்ற அவரை, அன்றிரவே அவருடைய ரபோபாங்க் அணி விலக்கிக்கொண்டது. ஜூனில் மெக்சிகோவில் இருந்ததாக அவர் கூறியிருக்க, அதே காலத்தில் இத்தாலிய மலைப்பகுதியில் அவர் பயிற்சி செய்ததைக் கண்டதாக முன்னாள் வீரர் டாவிடே கசானி தொலைக்காட்சியில் சொல்லிவிட்டதே இதற்குக் காரணமாயிற்று. பல ஆண்டுகள் ஊக்கமருந்து பயன்படுத்தியதை ராஸ்முசென் 2013இல் தாமே ஒப்புக்கொண்டார்.

ஆயினும் ஆளைக் காணவில்லை என்பதெல்லாம் ஒளிந்துகொண்டதாகாது. 2015இல் உலகச் சாம்பியனான பிரித்தானிய வீராங்கனை லிசி ஆர்மிட்ஸ்டெட்டின் வழக்கு இதற்குச் சான்று. அவ்வாண்டு ஆகஸ்டில் சுவீடனில் பந்தயத்துக்காக, தாம் பதிந்திருந்த விடுதியிலேயே அவர் தங்கியிருந்தார். வந்த அதிகாரிக்கு அறை எண்ணைத் தர விடுதி வரவேற்பாளர் மறுத்தார். அழைக்கப்பட்ட கைப்பேசியோ ஒலி நிறுத்தப்பட்டுக் கிடந்தது. அதிகாரி திரும்பிச் சென்றார். அக்டோபரில் ஒரு பதிவுப் பிழையும், 2016 ஜூனில் இன்னொரு தவறலும் சேர, மூன்று நிறைந்து தற்காலிகத் தடை வந்தது. விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் ஜூலையில் முதல் தவறலை நீக்கியது. வீரரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி எதுவோ அதை முழுமையாகச் செய்வது அதிகாரியின் கடமை, அது அங்கே நிறைவேறவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். அவர் ரியோ ஒலிம்பிக்கில் பங்கேற்று ஐந்தாமிடம் பெற்றார். சலுகை என்று அப்போது பலர் சீறினாலும், பொறுப்பு இரு தரப்புக்கும் உரியது என்று நிலைநாட்டிய இத்தீர்ப்பு சரியானதே.

இலங்கையில் ஊக்கமருந்து தடுப்பு 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படுகிறது. சோதிப்போரும் தவறலாம் என்பதை இந்நாடு பட்டறிந்திருக்கிறது: கத்தார் ஆய்வுகூட முடிவின் பேரில் 2015 டிசம்பரில் இடைநிறுத்தப்பட்ட கிரிக்கெட் வீரர் குசல் பெரேரா, அம்முடிவு நிலைக்காமல் போகவே 2016 மே மாதத்தில் விடுவிக்கப்பட்டார்.

ஆனால் இருப்பிடத் தகவல் விதி முகவரியை நம்பி நிற்கிறது. மலையகத்தின் மடுல்சீமை, பசறை, லுணுகலைப் பகுதிகளின் தோட்ட லயன்களிலோ முகவரி என்பதே நெடுங்காலம் தோட்டத்தின் பெயரோடு முடிந்துவிட்டது. தனி இலக்கமில்லாத வரிசை வீடுகளுக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்தில் இறங்கி, கைமாறி, சில வேளை நேர்முகப் பரீட்சைக்குரிய நாள் கடந்தபின் கிடைத்ததென்ற குறை மலையகத்தில் பழகிப்போன ஒன்று. இம்மேட்டுப் பாதைகளில் மிதித்துப் பழகிய ஓர் இளைஞன் நாளை தேசிய அணியில் இடம்பெற்றால், விடியற்காலை 5 மணிக்குத் தோட்ட வாசலில் வந்து நிற்கும் அதிகாரி எந்த லயனில், எந்தக் கதவைத் தட்டுவார்? விடுதி வரவேற்பாளரின் மறுப்பே ஓர் உலகச் சாம்பியனைத் தடையின் விளிம்புவரை கொண்டுசென்றதெனில், இங்கு காவலாளி ஒருவரின் ‘தெரியாது’ என்ற சொல் ஒரு வாழ்க்கையையே முடித்துவிடக்கூடும். லயன் வீடு ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கமும் தனி முகவரியும் வழங்கப்பட வேண்டுமென்ற நெடுநாள் கோரிக்கையை எழுப்புவோர், கடிதத்தோடும் வாக்காளர் பதிவோடும் இக்காரணத்தையும் சேர்த்து எழுப்ப வேண்டும்.