பயன் முடிந்த கதிர்வீச்சு மூலங்களும் அரசின் கடப்பாடும்

கதிர்வீச்சின் ஆபத்து என்றதும் செர்னோபிலும் புகுஷிமாவுமே பெரும்பாலானோரின் நினைவுக்கு வருகின்றன. அணு மின் நிலையம் எதுவும் இல்லாத இலங்கையில் வாழும் நமக்கு இது எங்கோ தொலைவிலுள்ளவர்களின் பிரச்சினையாகத் தோன்றுவதும் இயல்பே. ஆயினும், கதிர்வீச்சினால் பொதுமக்கள் உயிரிழந்த சம்பவங்கள் பல அணு உலைகளுக்கு அருகில் நிகழவில்லை. பழைய இரும்பு வாங்கி விற்கும் முற்றங்களிலும் சாதாரண மக்களின் வீடுகளிலுமே அவை நிகழ்ந்தன. அவற்றுக்குக் காரணமாக இருந்தவை பயன் முடிந்த பின்னர் எவருடைய கணக்கிலும் வராமற்போன கருவிகளாகும். எனவே, கதிர்வீச்சு மூலங்களை அரசு எவ்வாறு ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது அணு உலைகளைக் கொண்ட நாடுகளுக்கு மட்டும் உரிய கேள்வியல்ல.

கதிர்வீச்சு மூலங்கள் இருவகைப்படும். எக்ஸ்-கதிர்க் கருவி, சி.ரி. ஸ்கான் கருவி போன்றவை மின்சாரத்தைக் கொண்டு கதிர்களை உருவாக்குகின்றன. மின்சாரத்தைத் துண்டித்தால் கதிர்வீச்சும் நின்றுவிடும். கோபால்ட்-60, சீசியம்-137, இரிடியம்-192 போன்ற கதிரியக்கப் பொருட்களை உள்ளடக்கியவை இரண்டாவது வகை. இவற்றை நிறுத்துவதற்கு ஆளி எதுவும் கிடையாது. கோபால்ட்-60 இன் கதிரியக்கம் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ ஐந்தேகால் ஆண்டுகளும், சீசியம்-137 இன் கதிரியக்கம் பாதியாகக் குறைவதற்குச் சுமார் 30 ஆண்டுகளும் செல்லும். புற்றுநோய்ச் சிகிச்சை, மருத்துவ உபகரணங்களைக் கிருமி நீக்கம் செய்தல், தொழிற்சாலைகளில் மூலப்பொருட்களின் மட்டத்தை அளத்தல், எண்ணெய்க் குழாய் இணைப்புகளில் வெடிப்பு உள்ளதா எனச் சோதித்தல் ஆகியவற்றுக்கு இவை உதவுகின்றன. இலங்கையில் பியகமவில் இயங்கும் காமாக் கதிரூட்டல் நிலையமும் இத்தகைய மூலத்தையே பயன்படுத்துகின்றது. இவ்வாறான மூலமொன்று நோயாளிக்குச் சிகிச்சையளிக்கப் போதாத அளவுக்கு வலுவிழந்த பின்னரும், அதனை அறியாமல் வெறுங்கையால் எடுப்பவரின் உயிரைப் பறிக்கும் வலுவுடன் இருக்கக்கூடும்.

இதற்கு மிகத் துயரமான சான்று பிரேஸிலின் கொயானியா நகரில் 1987 இல் நிகழ்ந்த விபத்தாகும். அங்கு இயங்கிய தனியார் கதிர்ச் சிகிச்சை நிலையமொன்று வேறிடத்திற்கு மாறியபோது, சீசியம்-137 அடங்கிய சிகிச்சைக் கருவியைப் பழைய கட்டடத்திலேயே விட்டுச் சென்றது. இது பற்றி அனுமதிப்பத்திரம் வழங்கிய அதிகார சபைக்கு அறிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால், அறிவிக்கப்படவில்லை. 1987 செப்டெம்பரில், பாதி இடிக்கப்பட்டிருந்த அக்கட்டடத்திற்குள் நுழைந்த இருவர் கருவியின் ஒரு பகுதியைக் கழற்றியெடுத்துப் பழைய இரும்பு வியாபாரியிடம் விற்றனர். அதனுள் இருந்து இருளில் நீல நிறமாக ஒளிர்ந்த தூளை அதிசயப் பொருளாகக் கருதி உறவினரும் அயலவரும் பங்கிட்டுக் கொண்டனர்.

சுற்றத்தார் ஒருவர் பின் ஒருவராக நோயுறுவதைக் கண்டு, அந்தத் தூளே காரணமாக இருக்கலாம் என்று முதலில் ஐயுற்றவர் அவ்வியாபாரியின் மனைவியே. அவர் எஞ்சியிருந்ததைப் பையொன்றில் இட்டுப் பஸ்ஸில் சுகாதார அலுவலகத்திற்குக் கொண்டு சென்றார். அதன் பின்னரே உண்மை வெளிப்பட்டது. அப்பெண்மணி, ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, வியாபார நிலையத்தின் ஊழியர் இருவர் என நால்வர் உயிரிழந்தனர். சுமார் 112,000 பேர் விளையாட்டரங்கொன்றில் பரிசோதிக்கப்பட்டனர். 249 பேரில் கதிரியக்க மாசு காணப்பட்டது. வீடுகள் இடிக்கப்பட்டன. நூறு கிராமுக்கும் குறைவான சீசியம் சேர்வையினால் ஏற்பட்ட மாசை அகற்றியபோது சேர்ந்த கழிவு சுமார் 3,500 கன மீற்றர்.

இது ஒரு நாட்டுடன் முடிந்த கதையல்ல. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாய்லாந்தின் சமுத் பிரகான் மாகாணத்தில், பாதுகாப்பின்றி வைக்கப்பட்டிருந்த பழைய கோபால்ட் சிகிச்சைக் கருவியொன்று பழைய இரும்பாக விற்கப்பட்டு உடைக்கப்பட்டதில் மூவர் உயிரிழந்தனர். 2010 இல் புதுடில்லியில், 1985 முதல் பயன்படுத்தப்படாதிருந்த டில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடக் கருவியொன்று ஏலத்தில் விற்கப்பட்டது. அதனுள் இருந்த கோபால்ட்-60 மாயாபுரிச் சந்தையில் ஒருவரின் உயிரைப் பறித்தது. மேலும் எழுவர் கதிர்வீச்சினால் பாதிப்புற்றனர். கருவியைக் கைவிட்டவர்கள் கற்றறிந்தோர். விலையைக் கொடுத்தவர்கள், இரும்பை உடைத்து வயிறு வளர்க்கும் ஏழைத் தொழிலாளர்.

தவறிப்போன மூலம் உருக்காலையைச் சென்றடையுமாயின் பாதிப்பு எல்லைகளையும் கடந்துவிடுகின்றது. 1983 இல் மெக்ஸிக்கோவின் சியுடாட் ஹுவாரெஸ் நகரில் பழைய இரும்புடன் விற்கப்பட்ட கோபால்ட் மூலம் உருக்கப்பட்டு, கட்டடக் கம்பிகளாகவும் மேசைக் கால்களாகவும் மாறியது. 1984 ஜனவரியில் அக்கம்பிகளை ஏற்றிச் சென்ற லொறி, ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தருகே கதிர்வீச்சு உணர்கருவியை ஒலிக்கச் செய்ததனாலேயே விடயம் அம்பலமானது. 2025 இல் இந்தோனேசியாவிலிருந்து ஐக்கிய அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட இறாலில் சீசியம்-137 கண்டறியப்பட்டது. விசாரணைகள் சிகண்டே தொழிற்பேட்டையிலுள்ள உலோக உருக்காலை ஒன்றின்பால் கவனத்தைத் திருப்பின. ஒரு நாட்டின் ஏற்றுமதி வருமானமும் நற்பெயரும் இதனால் ஆட்டங்காணக்கூடும்.

கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச விதிகள் தெளிவானவை. கதிர்வீச்சைப் பயன்படுத்துவதால் கிடைக்கும் நன்மை தீமையிலும் மேலானதாக இருத்தல் வேண்டும்; தாக்கம் நியாயமாக இயன்றளவு குறைவாகப் பேணப்படல் வேண்டும்; தனிநபருக்கு விதிக்கப்பட்ட எல்லை மீறப்படலாகாது. இயற்கைக் கதிர்வீச்சும் மருத்துவத் தேவைக்கான கதிர்வீச்சும் நீங்கலாக, பொதுமக்களில் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 1 மில்லி சீவேட் என்பதும், இத்துறையில் தொழில் புரிவோருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டொன்றுக்கு 20 மில்லி சீவேட் என்பதும் பொதுவாக ஏற்கப்பட்ட எல்லைகளாகும். இயற்கையிலிருந்தே மனிதர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவேட் அளவைப் பெறுகின்றனர் என்பதை இதனுடன் ஒப்பிட்டு நோக்கலாம். சர்வதேச அணுசக்தி முகவரகம் 2003 இல் ஏற்றுக்கொண்ட நடத்தைக் கோவை, மூலங்களை அவற்றின் ஆபத்துக்கேற்ப வகைப்படுத்தி, ஆபத்து மிக்கவற்றுக்குத் தேசியப் பதிவேடு பேணுமாறு கோருகின்றது. பயன் முடிந்த மூலங்களின் முகாமைத்துவம் குறித்து 2017 இல் தனியான வழிகாட்டல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனினும், இவை சட்ட ரீதியாகக் கட்டுப்படுத்துபவை அல்ல. நடைமுறைப்படுத்தும் பொறுப்பு அந்தந்த அரசையே சாரும்.

அப்பொறுப்பை நிறைவேற்றும் அமைப்பு எத்தகையது என்பது இங்கு முக்கியம் பெறுகின்றது. அணுசக்தியை வளர்க்கும் நிறுவனமே அதனைக் கண்காணிக்கும் நிறுவனமாகவும் இருப்பின், தன் குறையைத் தானே காணும் நிலை அதற்கு ஏற்படும். கொயானியா விபத்தின்போது பிரேஸிலில் இரு பணிகளும் ஒரே ஆணைக்குழுவின் கையிலேயே இருந்தன. அவற்றைப் பிரிக்கும் சட்டம் 2021 இலேயே நிறைவேறியது. இந்தியாவின் ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சுதந்திரமான சட்ட அந்தஸ்து இல்லை என்பதை அந்நாட்டுக் கணக்காய்வு அறிக்கை 2012 இல் சுட்டிக்காட்டியது. மருத்துவ எக்ஸ்-கதிர் நிலையங்களில் பெரும்பான்மையானவை பதிவின்றியே இயங்கி வந்தமையையும் அவ்வறிக்கை வெளிப்படுத்தியது.

இலங்கையில் 1969ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அணுசக்தி அதிகார சபையே நீண்டகாலம் இரு பணிகளையும் ஆற்றி வந்தது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டம் அவற்றைப் பிரித்தது. பயன்பாட்டை ஊக்குவிக்க அணுசக்திச் சபையும், அனுமதிப்பத்திரம் வழங்கிக் கண்காணிக்க அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையும் அமைந்தன. 2021 ஏப்ரலில், யுரேனியம் ஹெக்ஸாபுளோரைட்டுடன் சீனா நோக்கிச் சென்ற கப்பலொன்று முன்னறிவித்தலின்றி அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்தபோது, பேரவை அதனை வெளியேறுமாறு பணித்தது. சுதந்திரமான ஒழுங்குபடுத்தல் அமைப்பு எதற்காகத் தேவை என்பதை அச்சம்பவம் உணர்த்தியது.

ஆயினும், கப்பலைத் திருப்பியனுப்புவதிலும் பார்க்கக் கடினமான பணி, நாட்டினுள் ஏற்கனவே உள்ள ஒவ்வொரு மூலத்தையும் அதன் இறுதி நாள்வரை பின்தொடர்வதாகும். கொயானியாவில் சட்டம் இருந்தது, நிபந்தனையும் இருந்தது. அனுமதிப்பத்திரம் பெற்றவர் இன்னமும் அதே இடத்தில்தான் இருக்கின்றாரா, கருவி இன்னமும் அங்குதான் உள்ளதா என்று நேரிற் சென்று பார்ப்பதற்கு எவரும் இருக்கவில்லை. எனவே, மூலமொன்றை இறக்குமதி செய்ய அனுமதி கோரும்போதே, பயன் முடிந்ததும் அது உற்பத்தியாளரிடம் திருப்பியனுப்பப்படும் என்ற உடன்படிக்கையும் அதற்கான செலவுப் பிணையும் கட்டாயமாக்கப்படுதல் வேண்டும். நிறுவனமொன்று மூடப்படும்போதோ, இடம் மாறும்போதோ, கைமாறும்போதோ பேரவையின் சான்றிதழின்றி அச்செயன்முறை நிறைவுபெற இடமளிக்கலாகாது. அரச வைத்தியசாலைகளும் பல்கலைக்கழகங்களும் பழைய உபகரணங்களை ஏலத்தில் விடுமுன் கதிரியக்கச் சோதனை செய்வது வழமையாக்கப்படல் வேண்டும்.

பழைய இரும்பு வியாபாரிகளையும் இத்திட்டத்தில் பங்காளிகளாக்குதல் அவசியமாகும். கதிரியக்கத்தைக் குறிக்கும் மூவிதழ்ச் சின்னம் கல்விகற்ற பலருக்கே விளங்குவதில்லை. இதனை உணர்ந்தே, மண்டையோட்டையும் ஓடும் மனிதனையும் கொண்ட புதிய எச்சரிக்கைச் சின்னம் 2007 இல் சர்வதேச ரீதியில் அறிமுகப்படுத்தப்பட்டது. அச்சின்னத்துடன் சிங்களத்திலும் தமிழிலும் எளிய எச்சரிக்கை வாசகம் ஒவ்வொரு மூலத்திலும் இருத்தல் வேண்டும். ஐயத்திற்குரிய பொருளைக் கண்டு அறிவிப்பவரைக் குற்றவாளியாக விசாரிக்காமல், அவருக்கு ஏற்படும் நட்டத்தை ஈடுசெய்யும் ஏற்பாடும் தேவை. தண்டனைக்கு அஞ்சி ஒளிப்பவரால் ஊருக்கே ஆபத்து விளையும்.

பாதுகாப்பு விதிகளை இறுக்குவதனால் புற்றுநோயாளிகளின் சிகிச்சையும் தொழில்துறையும் பாதிக்கப்படும் என்று சிலர் அஞ்சக்கூடும். உண்மையில், கதிர்வீச்சின் பயன்களை மக்கள் அச்சமின்றி ஏற்பதற்கு நம்பத்தக்க கண்காணிப்பே அடிப்படையாகும். அதற்குப் போதிய ஆளணியும் நிதியும் ஒதுக்கப்படாவிடின் மிகச் சிறந்த சட்டமும் ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும். கொயானியாவில் ஆபத்தை முதலில் இனங்கண்டது அரசு அல்ல. அதனால் உயிரிழந்த ஒரு சாதாரணப் பெண்மணியே. அக்கடமையைக் குடிமக்களின் தலையில் சுமத்தாது, முன்கூட்டியே தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதே பொதுமக்களின் சுகாதாரத்தைப் பேணக் கடப்பாடுள்ள அரசொன்றின் பணியாகும்.