தாலியும் சர்டிபிகேட்டும்: 1982 மார்ச் 1-க்கு முன்னும் பின்னும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. வீட்டுல கல்யாண வயசுல பெண்பிள்ளைங்க இருந்தா அவங்களுக்கும் காட்டுங்க.

கோயில்ல கல்யாணத்துக்கு நாள் கேட்டு வர்றவங்ககிட்ட நாங்க முதல்ல கேக்கறது ஜேபிஎன் பதிவுச் சான்றிதழ். "சாமி சன்னிதியில தாலி கட்ட எதுக்கு கவர்மெண்ட் பேப்பர்? எங்க தாத்தா பாட்டிக்கு இதெல்லாம் இருந்துச்சா?"ன்னு சிலர் கோவிச்சுக்கறாங்க. உண்மைதான், தாத்தா பாட்டி காலத்துல இல்ல. ஏன் இல்ல, எப்ப வந்துச்சு, யாரைக் காப்பாத்த வந்துச்சு என்கிற வரலாறு தெரிஞ்சா அந்தக் கோபம் போயிடும்.

நம்ம மலாக்காவுல இந்துக் கல்யாணம் மிகப் பழசு. டவுன்ல இருக்கிற பொய்யாத விநாயகர் கோயிலே 1781-ல் கட்டினது. அந்தக் காலம் தொட்டு ஊர் வழக்கமே சட்டமா இருந்தது. பிறகு ரப்பர் தோட்டங்கள் வந்தன. லயத்துக்குப் பக்கத்துல மாரியம்மன் கோயில், அதுல பந்தல், பூசாரி, ஊர்ப் பெரியவங்க முன்னிலையில தாலி. அதோட கல்யாணம் முடிஞ்சது. பதிவு கட்டாயம் இல்ல. யாருக்கு யார் பெண்டாட்டி என்கிறது தோட்டத்துக்கே தெரியும்.

இதோட இன்னொரு பக்கமும் உண்டு. அந்த வழக்கச் சட்டப்படி ஒரு இந்து ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களைக் கட்டலாம். நீதிமன்றமும் அதை ஏத்துக்கிச்சு. "மூத்தவ", "இளையவ"ன்னு இரண்டு குடும்பம் ஒரே ஊருல இருந்ததைப் பெரியவங்க இன்னைக்கும் சொல்வாங்க. ஆனா ஒரு பெண்ணுக்கு இரண்டு கணவர் என்பதற்கு இடமே இல்லை. உரிமை ஒரு பக்கம் மட்டும்தான்.

சொத்துப் பங்கு எப்படிப் போச்சு? அப்போ சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றம். 1908-ல் சிங்கப்பூரில் ஒரு பணக்காரச் சீனரின் சொத்தைப் பற்றிய வழக்குக்குத் தீர்ப்பு வந்தது. அவர் மனைவின்னு சொல்லி ஆறு பெண்கள் வந்து நின்றதால, சட்டப் புத்தகங்களில் அதற்கு "ஆறு விதவைகள் வழக்கு" என்றே பெயர். சட்டப்படி விதவைக்குப் போகிற பங்கை, மனைவி என்று நிரூபித்தவர்கள் எல்லாரும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1958-ஆம் ஆண்டு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவிலும் இதே விதி இருக்கு.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். உயில் எழுதாம ஒருத்தர் இறந்துட்டார், தாய் தகப்பன் உயிரோட இல்ல, சொத்து 120,000 வெள்ளி. இன்றைய சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, 40,000. பிள்ளைகளுக்கு 80,000. பழைய வழக்கப்படி அவருக்கு இரண்டு மனைவி இருந்தா அந்த 40,000-ஐ ஆளுக்கு 20,000 என்று பிரிக்கணும். அதாவது இருபது வருஷம் கூட இருந்து பால்மரம் வெட்டிச் சேர்த்த மூத்தவளோட பங்கு, அவள் சம்மதம் இல்லாமலே பாதியாகிவிடும். இளையவளுக்கும் நிம்மதி இல்ல. கல்யாணம் நடந்ததுக்குப் பத்திரம் கிடையாது. சாட்சி சொல்ல வேண்டிய பூசாரியும் பெரியவங்களும் போய்ச் சேர்ந்துட்டா எதை வைத்து நிரூபிப்பாள்?

மற்ற இடங்களில் இது முன்னாடியே மாறிடுச்சு. சென்னை மாகாணத்தில் 1949-லேயே இந்து இருதார மணத்தைத் தடுக்கச் சட்டம் வந்தது. 1955-ல் இந்தியாவில் இந்து திருமணச் சட்டம். சிங்கப்பூரில் 1961-ல் மாதர் சாசனம். நம்ம நாட்டுல மாதர் அமைப்புகள் பல வருஷம் குரல் கொடுத்தாங்க. 1963-ல் உருவான தேசிய மாதர் அமைப்புகள் மன்றம் அதில் முக்கியமானது. 1970களின் தொடக்கத்தில் அரச ஆணையம் ஒன்று முஸ்லிம் அல்லாதோர் திருமணத்தை ஆராய்ந்தது. 1976-ல் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம், அதாவது ஆக்ட் 164, நிறைவேறியது. ஆனா அமலுக்கு வரவே இன்னும் ஆறு வருஷம் ஆச்சு. அந்த நாள்தான் 1982 மார்ச் 1.

அந்த நாளை மனசுல வச்சுக்குங்க. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த கல்யாணங்கள் எல்லாம் பதிவானதாகவே சட்டம் கருதுகிறது. அப்போ இரண்டாவதா கட்டிக்கிட்ட பாட்டிக்கும் மனைவி என்கிற உரிமை போகல. அவங்களை யாரும் "வச்சிக்கிட்டவ"ன்னு ஏளனமாப் பேசாதீங்க. சட்டம்கூட அவங்களை அப்படிச் சொல்லல.

அதற்குப் பிறகு நடந்தது வேற கதை. மனைவி உயிரோட இருக்க, மணவிலக்கு ஆகாம, இன்னொரு கல்யாணம் பண்ணினா:

ஒன்று, அந்தக் கல்யாணம் செல்லாது.
இரண்டு, அந்தப் பெண்ணுக்கு அவர் சொத்தில் வாரிசு உரிமை கிடையாது. மேலே போட்ட கணக்கில் முதல் மனைவிக்கு முழு 40,000, இவளுக்கு ஒன்றுமே இல்லை.
மூன்று, செய்தவர் மேல் தண்டனைச் சட்டம் 494-ஆவது பிரிவின்படி வழக்கு. ஏழு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு.

பிள்ளைகளைச் சட்டம் முழுசா கைவிடல. கல்யாண நேரத்தில் இருவரில் ஒருவராவது அது செல்லும் என்று நியாயமாக நம்பியிருந்தா, பிள்ளைகள் முறையான பிள்ளைகளாகவே கருதப்படுவாங்க. அது இல்லாட்டியும், பெற்ற தகப்பன் ஜீவனாம்சம் கொடுக்கணும்னு கேக்க 1950-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கு.

இப்ப சொல்லுங்க, தெரிஞ்சோ தெரியாமலோ இரண்டாந்தாரமா ஒரு பெண்ணுக்கு நம்ம சன்னிதியில தாலி ஏறினா, மேளம் கொட்டி அட்சதை போட்ட நாம என்ன செஞ்சதா அர்த்தம்? சட்டம் மனைவின்னு ஒத்துக்காத ஒருத்தியை, அவளே மனைவின்னு நம்பும்படி செஞ்சுட்டோம். அவர் கண்ணை மூடின அன்னைக்குத்தான் அவளுக்கு உண்மை தெரியும்.

இன்னொரு ஆபத்து முதல் மனைவிக்கே. கோயில்ல மட்டும் தாலி கட்டி, "பதிவு அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டவங்க இருக்காங்க. அந்த ஆள் நாளைக்கு வேறொரு பெண்ணோட ஜேபிஎன்-ல போய் நின்னா, அவர் பேர்ல அங்க பதிவே இருக்காது. பதிவில்லாத சடங்குக் கல்யாணம் செல்லுமா செல்லாதா என்பதில் நம்ம நாட்டு நீதிமன்றங்களே ஒரே மாதிரி தீர்ப்பு சொல்லல. அந்த இழுபறியில நம்ம பிள்ளை ஏன் மாட்டணும்?

சிலர் சிரிச்சுக்கிட்டே "முருகனுக்கே ரெண்டு பேரு"ம்பாங்க. செங் சன்னாசிமலை ஆண்டவரைக் கும்பிடற நாம இதுக்குப் பதில் தெரிஞ்சு வச்சுக்கணும். வள்ளி இச்சா சக்தி, தெய்வானை கிரியா சக்தி, கையில இருக்கிற வேல் ஞான சக்தி. விருப்பமும் செயலும் அறிவும் இறைவனிடம் பிரியாம நிக்குதுன்னு காட்டற தத்துவம் அது. அதை சின்ன வீட்டுக்கு லைசென்ஸா ஆக்கறது பக்தி இல்லங்க.

அதனால கேட்டுக்கறது இவ்வளவுதான்:

முதல்ல பதிவு, பிறகு முகூர்த்தம். அறிவிப்பு கொடுத்து 21 நாள் காத்திருக்கணும், அதுக்குத் தகுந்த மாதிரி நாள் குறிங்க. அதிகாரம் பெற்ற உதவிப் பதிவாளர் இருக்கிற கோயில்ல சடங்கும் பதிவும் ஒரே நாள்ல முடிச்சுக்கலாம்.

மாப்பிள்ளைக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகியிருந்தா மணவிலக்கு ஆணையைக் கண்ணால பாருங்க. "பிரிஞ்சுதான் இருக்கோம்" என்கிற வாய்ப்பேச்சு போதாது. எத்தனை வருஷம் பிரிஞ்சிருந்தாலும் ஆணை வரும்வரை அது கல்யாணம்தான்.

கணவர் இன்னொரு கல்யாணத்துக்கு மனு போட்டிருக்கார்னு தெரிஞ்சா, பதிவாளரிடம் தடை மனு கொடுக்க மனைவிக்கு உரிமை உண்டு. அழுதுக்கிட்டு வீட்டுல உக்காராதீங்கம்மா.

1982-க்கு முன் கல்யாணமான பெரியவங்க வீட்டுல இருந்தா பழைய பத்திரிகை, போட்டோ எல்லாம் பத்திரப்படுத்துங்க. சொக்சோ, சொத்து விஷயத்துல தேவைப்படும். அவரவர் குடும்ப நிலைமை வேற வேற, சிக்கல் இருந்தா வக்கீலைப் பாருங்க. வசதி இல்லாதவங்களுக்கு அரசாங்கத்தோட சட்ட உதவித் துறை இருக்கு.

அடுத்த முறை கோயில் ஆபீஸ்ல சர்டிபிகேட் கேட்டா, அது உங்களை சந்தேகப்பட்டு கேக்கறது இல்லன்னு புரிஞ்சுக்குங்க. நீங்க அட்சதை தூவி வாழ்த்தின பிள்ளைக்கு நாளைக்கு ஒரு கஷ்டம்னா, சாமிக்கு அடுத்தபடியா அவளுக்குச் சாட்சி அந்தக் காகிதம்தான்.

எல்லாரும் நல்லா இருக்கணும். வேல் வேல்.