குப்பைக் கூடையும் ஓர் உரிமை வரலாறும்

வரலாறு என்றவுடன் கோட்டைகளும் கொற்றவர்களுமே நம் நினைவிற்கு வருதல் இயல்பு. புனே நகரிற் குடியேறிய தமிழராகிய நாமும், ஊரிலிருந்து வரும் உறவினர்க்குச் சனிவார் வாடாவையே முதலிற் காட்டுகின்றோம். ஆயினும் இந்நகரின் தெருக்களிலே பிறந்த மற்றொரு வரலாறும் உண்டு. அதனைப் படைத்தவர்களுட் பெரும்பாலோர் ஏட்டுக் கல்வி பெறாத ஏழைப் பெண்கள்.

1972 ஆம் ஆண்டில் மராட்டிய நாட்டைக் கடும் பஞ்சம் வாட்டியது. வறண்ட சிற்றூர்களிலிருந்து பலர் பிழைப்பு நாடிப் புனே வந்தனர். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குலங்களிற் பிறந்த பெண்கள் பலர்க்குக் கிட்டிய தொழில், குப்பைத் தொட்டிகளிற் காகிதமும் கண்ணாடியும் தகரமும் பொறுக்கி விற்பதே. அவர்களால் ஆலைகளுக்கு மூலப்பொருள் கிடைத்தது. நகராட்சிக்குச் செலவு குறைந்தது. அவர்களுக்கோ திருடிகள் என்னும் பழிச்சொல்லே மிஞ்சியது.

எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லட்சுமி நாராயண், பூர்ணிமா சிகர்மனே முதலியோர் இவர்களிடையே கல்விப் பணி தொடங்கினர். சுமைதூக்கும் தொழிலாளரை ஒன்று திரட்டிய பாபா ஆடாவ் துணை நின்றார். 1993 மே மாதத்தில் 800க்கு மேற்பட்டோர் கூடிய மாநாட்டில் ‘காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத்து’ என்னும் சங்கம் தோன்றியது. காகிதம், கண்ணாடி, தகரம் திரட்டும் உழைப்பாளர் மன்றம் என்பது அதன் பொருள். முதலாளி எவருமில்லாத இவர்கள் எவரிடம் கூலி கேட்பர்? தாமும் தொழிலாளரே என்னும் ஒப்புதலையே அவர்கள் கேட்டனர்.

அவ்வொப்புதல் படிப்படியாக வந்தது. மாநகராட்சி ஏற்ற அடையாள அட்டையும், 2002–03இல் மருத்துவக் காப்பீடும் கிடைத்தன. 2008இல் அவர்தம் ‘ஸ்வச்’ கூட்டுறவுச் சங்கத்துடன் மாநகராட்சி உடன்படிக்கை செய்து, வீடுதோறும் குப்பை பெறும் பணியை அளித்தது. வீட்டார் தரும் மாதக் கட்டணமும், விற்ற பொருளின் விலையும் உழைத்தவர்க்கே உரியவாயின. 2016 ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் குப்பை திரட்டுவோரை ஏற்று, அவர்களையும் இப்பணியில் இணைக்குமாறு பணித்தன. எனினும் 2020 இறுதியில் உடன்படிக்கைக் காலம் முடிந்தபோது, தம் பணியைக் காத்துக்கொள்ள அவர்கள் மீண்டும் குரலெழுப்ப நேர்ந்தது. பெற்ற உரிமையும் காவாவிடிற் கைநழுவும்.

இதில் உலக நன்மையும் அடங்கியுள்ளது. மக்கும் பொருள் குப்பைமேட்டிற் காற்றின்றிப் புதைந்து அழுகினால் மீத்தேன் வாயு எழும். இருபதாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவினும் 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைப்பது. ஈரக் குப்பையைத் தனியே பிரித்து உரமாக்கினால் அத்தீங்கு குறையும். உலர்ந்த பொருள் மீண்டும் ஆலை செல்லின் மரமும் எரிபொருளும் மிஞ்சும். ஆனால் பிரித்தெடுக்கும் கைகளை விலக்கிவிட்டு அனைத்தையும் எரியூட்டும் திட்டம் உழைப்பாளியின் அன்னத்தையும் சேர்த்தே எரித்துவிடும்.

நம் காலனி இல்லத்தரசியர் நாள்தோறும் வாயிலில் கோலமிடுகின்றனர். அவ்வாயிலுக்கே வரும் அம்மையாரிடம் ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் தனித்தனியே அளிப்போம். கட்டணத்தைக் காலத்தில் கொடுப்போம். ‘தாயீ’ என அன்புடன் அழைப்போம். பிழைப்பு நாடி வேற்றூர் வந்தவர்கள் அவர்களும் நாமும் அன்றோ!