பயிற்றுவித்த விமானம்: ஆவ்ரோ ஆன்சனின் வரலாறு

இரண்டாம் உலகப்போரின் வான்படை வரலாற்றில் லங்காஸ்டர், ஹாலிஃபாக்ஸ் போன்ற குண்டுவீச்சு விமானங்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் பறந்த இளைஞர்கள் எதில் கற்றார்கள் என்ற கேள்வியை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். அதற்கான விடையில் பெரும்பங்கு ஆவ்ரோ ஆன்சன் என்னும் இரட்டை எஞ்சின் விமானத்துக்கு உரியது.

பிறப்பில் அது பயிற்சி விமானம் அன்று. இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்துக்காக ராய் சாட்விக் வடிவமைத்த சிறிய பயணியர் விமானத்தைத் தழுவி, கடலோரக் கண்காணிப்புக்காக உருவாக்கப்பட்டது. பிற்காலத்தில் லங்காஸ்டரை வடிவமைத்தவரும் இவரே. 1935 மார்ச் 24 அன்று முதன்முறை பறந்த ஆன்சன், 1936இல் பிரிட்டன் வான்படையில் சேர்ந்தது. ஓரடுக்கு இறக்கையும் உள்ளிழுக்கும் சக்கரங்களும் கொண்ட விமானம் அப்படைக்கு அதுவே முதல். ஆயினும் சக்கரங்களை மேலேற்றக் கைப்பிடியை ஏறத்தாழ 140 முறை சுற்ற வேண்டியிருந்தது. குறுகிய பறத்தல்களில் அவற்றை இறக்கியபடியே விட்டுவிடுவது வழக்கமாயிற்று.

போர் தொடங்கியபோது கண்காணிப்புக்கு அதன் வேகமும் தொலைவும் போதவில்லை. ஆனால் அதன் நிதானமும் உள்ளிடமும் வகுப்பறைக்குப் பொருந்தின. குண்டுவீச்சு விமானத்தைத் தனியொருவர் இயக்க இயலாது. விமானி இரண்டு எஞ்சின்களைக் கையாளவும், ஒன்று நின்றால் மற்றொன்றால் சமாளிக்கவும் பழக வேண்டும். வழிகாட்டுநர் வரைபடத்தையும், வானொலி இயக்குநர் கருவியையும் பறந்துகொண்டே பயில வேண்டும். 1939 டிசம்பர் 17 அன்று ஒட்டாவாவில் கையெழுத்தான காமன்வெல்த் வான்படைப் பயிற்சித் திட்டம் ஆன்சனைப் பெருமளவில் நம்பியது. அத்திட்டத்தின் கீழ் கனடாவில் மட்டும் 1,31,000க்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றனர். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபின் பிரிட்டனிலிருந்து விமானங்கள் வருவது தடைப்படவே, கனடாவே அவற்றைக் கட்டத் தொடங்கியது. பிந்தைய கனடிய வகையொன்றின் உடற்பகுதி அச்சில் வார்த்த ஒட்டுப்பலகையால் ஆனது.

பயிற்சி ஆபத்தற்றதாக இருக்கவில்லை. போர்க்களத்தைக் காணாமலேயே பலர் இறந்தனர். 1940 செப்டம்பர் 29 அன்று ஆஸ்திரேலியாவின் புராக்கிள்ஸ்பி ஊருக்கு மேலே இரண்டு ஆன்சன்கள் மோதி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கிக்கொண்டன. மேலிருந்த விமானத்தின் எஞ்சின்கள் நின்றுவிட, கீழிருந்ததன் எஞ்சின்கள் இயங்கிக்கொண்டிருந்தன. மற்ற மூவரும் குதித்துத் தப்ப, மேல் விமானத்திலிருந்த பயிற்சி விமானி லியோனார்ட் ஃபுல்லர் இரண்டையும் சேர்த்தே வயல்வெளியில் தரையிறக்கினார். நால்வரும் பிழைத்தனர். அவருடைய விமானம் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் பறந்தது. ஃபுல்லரோ 1944இல் மிதிவண்டியில் செல்கையில் பேருந்து மோதி உயிரிழந்தார்.

1952 வரை ஏறத்தாழ 11,000 ஆன்சன்கள் கட்டப்பட்டன. பிரிட்டன் வான்படை 1968இல்தான் அதற்கு விடைகொடுத்தது. வீரர்கள் அதற்கு இட்ட செல்லப்பெயர் 'நம்பிக்கைக்குரிய ஆனி'.

தமிழில் 'பயில்' என்னும் வினைக்குக் கற்றல், பழகுதல், அடிக்கடி நிகழ்தல் ஆகிய பொருள்கள் உண்டு. ஆன்சனில் நிகழ்ந்தவை இம்மூன்றுமே. போரை எழுதுவோர் வென்ற நாளைக் குறிக்கின்றனர். அதற்கு முன் பல்லாயிரம் முறை ஏறி இறங்கிப் பழகிய நாள்களும், அவற்றில் மாண்ட மாணவர்களும் அதே வரலாற்றின் பகுதியே.