பிரேக்கும் வெப்பமும்: கல்நாரிலிருந்து பீங்கான் வரை

பிரேக் வண்டியை நிறுத்துகிறது என்கிறோம். உண்மையில் அது வண்டியின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. அவ்வெப்பத்தைத் தாங்கும் பொருளைத் தேடியதே பிரேக்கின் வரலாறு.

1897இல் இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில், மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டிகளைக் கண்ட ஹெர்பர்ட் ஃப்ரூட், பருத்தி நெசவில் பிசினேற்றிப் பிரேக் கட்டைகள் செய்தார். சூடு மிகுந்தபோது பருத்தி கருகியது. 1908இல் அவர் கல்நாருக்கு மாறினார். கல்நார் எரியாது, விலையும் குறைவு. உலகமே அதை ஏற்றது.

அதன் விலையைத் தொழிலாளர் செலுத்தினர். 1924இல் ராச்டேல் நகரின் கல்நார் ஆலைத் தொழிலாளி நெல்லி கெர்ஷா 33ஆம் வயதில் இறந்தார். அவரது நுரையீரலில் கல்நார்த் துகள்கள் இருந்ததை மருத்துவர் வில்லியம் குக் பதிவுசெய்தார். பிரிட்டன் கல்நாரை முற்றாகத் தடைசெய்தது 1999இல்தான். இடையில் 75 ஆண்டுகள்.

மற்றொரு பாதை வானிலிருந்து வந்தது. கான்கார்டு விமானம் கார்பன் பிரேக்குகளைப் பயன்படுத்தியது. ஆனால் கார்பன், காற்றில் ஏறத்தாழ 500 பாகை செல்சியசிலேயே ஆக்சிஜனோடு சேர்ந்து தேயத் தொடங்கும். வளிமண்டலத்துக்குள் மீண்டும் நுழையும் விண்கலங்களுக்கு வெப்பக்காப்பு தேடிய ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்தினர் இதற்கு வழி கண்டனர். கார்பன் இழையும் பிசினும் கலந்த தட்டைக் காற்றில்லாச் சூழலில் சுட்டால் நுண்துளைகள் உண்டாகும். 1414 பாகையில் உருகும் சிலிக்கான் அத்துளைகளில் தானாக ஊறி, கார்பனோடு வினைபுரிந்து சிலிக்கான் கார்பைடு என்னும் பீங்கானாகிறது. உள்ளிருக்கும் இழைகள், பீங்கானுக்கு இயல்பான நொறுங்கும் தன்மையைக் குறைக்கின்றன. இவ்வகைத் தட்டு வார்ப்பிரும்புத் தட்டின் எடையில் ஏறத்தாழப் பாதிதான். 2001இல் போர்ஷே நிறுவனம் அதைத் தன் 911 ஜிடி2 காரில் பொருத்தியது.

இந்தியாவிலும் பாதை இதையொத்ததே. அக்னி ஏவுகணையின் முனைக்கூம்புக்காக வளர்ந்த கார்பன் கூட்டுப்பொருள் அறிவு, தேஜஸ் விமானத்தின் பிரேக் தட்டுகளுக்கும் பயன்பட்டது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுடுவதற்கும் சிலிக்கானை ஊறவைப்பதற்கும் பல நாள்களும் உயர்வெப்ப உலைகளும் வேண்டும். அதனால் பீங்கான் தட்டு இன்றும் விலையுயர்ந்த கார்களோடு நின்றுவிட்டது. பாரமேற்றிய லாரியோ, மலைப்பாதையில் வார்ப்பிரும்பை நம்பி, கீழ் கியரில்தான் இறங்குகிறது. ஃப்ரூட் கண்ட சரிவு அதுதான். விண்கலத்துக்கும் பந்தயக் காருக்கும் விடை கண்டவர்கள், அந்த லாரிக்கான விடையை இன்னும் மலிவாக்கவில்லை. ஆய்வு அடுத்துச் செல்ல வேண்டிய இடம் அதுவே என்பது என் கருத்து.