குறும்பர் சுவரோவியம்

மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில் உள்ள பர்லியாரை அதன் அரசு பழப்பண்ணையால் அறிந்தோர் பலர். இம்மலைச்சரிவுகளில் வாழும் ஆலு குறும்பர்தம் சுவரோவியத்தை அறிந்தோர் சிலரே. செம்மண், வெண்மண், கரி, இலைச்சாறு ஆகியன கொண்டு கோயிற்சுவரில் ஓவியந் தீட்டுதல் பூசாரிக் குடும்பத்து ஆடவர்க்குரியது. வீட்டு வாயிலையும் பலகணியையும் சூழக் கோலமிடுதல் மகளிர்க்குரியது. கோத்தகிரிப் பக்கத்து வெள்ளரிக்கொம்பையை அடுத்த எழுத்துப்பாறையின் தொல்லோவியங்களைத் தம் முன்னோர் வரைந்தனவாகவே இம்மக்கள் கருதுவர். காலங் கணித்தல் வேறு, உறவு பாராட்டல் வேறு. பின்னதை மறுக்க யாம் விரும்பிலேம்.

இந்நாளில் இக்கலை தாளிலும் துணியிலும் ஏறி விலைப்பொருளாயிற்று. வருவாயை இகழ்வார் யார்? ஆயினும், சுவரிலிருந்த ஓவியம் ஊரார் அனைவர்க்கும் உரியது; தாளில் வந்தது வாங்கியவர்க்கே உரியது. வண்டிகள் நின்று செல்லும் பர்லியாரில் பொதுச்சுவர் ஒன்றையேனும் குறும்பர் கைக்கு விடுதல் வேண்டுமென்பது எம் கருத்து.